எட்டு ராணியும் ஆத்தங்குடிக் கல்லும்: எந்த மொழியில் எழுதுவது?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். வளவை ஒட்டிய ஓர் அறைக்குத் தரை போடுகிற வேலை என் சித்தப்பாவுக்கு வந்தது. ஆத்தங்குடியில் அவருக்குச் சின்னதாக ஒரு தரைக்கல் பட்டறை இருக்கிறது. அறை எட்டுக் கல் நீளம், எட்டுக் கல் அகலம். அந்த வீட்டின் பின்கட்டிலேயே பழைய பூக்கற்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். எட்டு வகை, வகைக்கு எட்டு, எதுவும் உடையவில்லை. அவற்றின் அச்சு இப்போது யாரிடமும் இல்லை, அதனால் புதிதாக ஒரு கல்கூட வார்க்க முடியாது. வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: ஒரே பூ ஒரே வரிசையில் இரண்டு தடவை வரக்கூடாது, நேராகவும் சரி, குறுக்காகவும் சரி, மூலைவாட்டிலும் சரி.

சித்தப்பா ஒரு காலை முழுக்கக் கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “தம்பி, ஆறாவது வரிசைக்கு மேல முட்டுதுப்பா. ஒருவேளை வழியே இல்லையோ? உன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லு.”

அவர் கேட்டது சதுரங்கக்காரர்களின் பழைய புதிர். ஒரு வகையின் எட்டுக் கற்களை எட்டு ராணிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று வெட்டாமல் எட்டு ராணிகளையும் பலகையில் நிறுத்த வேண்டும். 1848-இல் மாக்ஸ் பெட்செல் என்ற ஜெர்மானியர் கேட்ட கேள்வி இது. மொத்தம் 92 விடைகள். பலகையைச் சுற்றியும் கண்ணாடியில் கவிழ்த்தும் பார்த்தால் ஒன்றாகிவிடுகிறவற்றைக் கழித்தால் 12 மிஞ்சும். சித்தப்பாவுக்கு வேண்டியது அதற்கும் ஒரு படி மேலே: ஒன்றன்மேல் ஒன்று விழாத எட்டு விடைகள், அறுபத்துநாலு கட்டமும் நிரம்பும்படி.

அப்போது அக்கா மகள் விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தாள். பொறியியல் இரண்டாம் ஆண்டு. பைத்தான் என்கிற நிரல் மொழி ஓரளவு தெரியும். இந்த விடுமுறையில் இன்னொரு மொழி கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவள், “மாமா, இதையே எல்லா மொழியிலும் எழுதி எது வேகம்னு பாத்துடலாமா?” என்றாள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே புதிரில் விடை கிடைக்கும் என்று உட்கார்ந்தோம். பட்டறைக்கு எந்த மொழியில் எழுதுவது, இவள் எதைக் கற்பது என்பவைதான் அந்த இரண்டும்.

மொழிக்குப் போவதற்கு முன்னால் வழிமுறையைப் பற்றி ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வேகமும் அங்கேதான் இருக்கிறது. 64 கட்டங்களில் எந்த எட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தேடினால் 442 கோடியே 61 லட்சத்து 65 ஆயிரத்து 368 வழிகளைப் பார்க்க வேண்டும். வரிசைக்கு ஒரு ராணிதான் என்று முதலிலேயே கட்டுப்படுத்தினால் அது 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 ஆகக் குறையும். நெடுக்கிலும் ஒன்றுதான் என்று சேர்த்தால் 40,320. ஒவ்வொரு ராணியை வைக்கும்போதே மூலைவாட்டையும் பார்த்து, முட்டினால் உடனே ஓரடி பின்வாங்கினால், வைத்துப் பார்க்கிற நிலைகள் காலிப் பலகையையும் சேர்த்து 2,057-தான்.

இந்த 2,057-ஐ அவளுக்குத் தாளில் பிரித்துக் காட்டினேன். முதல் வரிசையில் 8 இடம். இரண்டாவதில் 56 வரவேண்டும். மூலைவாட்டில் தொடுகிற 14 போனால் 42. மூன்றாவதில் 140, நான்காவதில் 344, ஐந்தாவதில் 568. அங்கிருந்து இறங்க ஆரம்பிக்கிறது: 550, 312, கடைசியில் 92. சித்தப்பாவின் கை ஆறாவது வரிசையில் முட்டியது சும்மா இல்லை. கிளை கிளையாகப் பிரிகிற இந்தத் தேடல் மரம் சுருங்க ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

442 கோடி எங்கே, 2,057 எங்கே! உலகத்தில் எந்த மொழியும் இன்னொரு மொழியைவிட இருபது லட்சம் மடங்கு வேகமாக ஓடாது. மோசமான வழிமுறையை வேகத்துக்குப் பேர்போன சி மொழியில் எழுதினவரை நல்ல வழிமுறையைப் பைத்தானில் எழுதினவர் சுலபமாக முந்திவிடுவார். இதை அவள் நம்புகிற வரைக்கும் மொழிப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று இருந்தேன்.

சரி, வழிமுறை எல்லா மொழியிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு அளப்போம். எட்டு ராணி இதற்குப் போதாது. 2,057 நிலைகளை எந்த மொழியும் கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். நிரல் தொடங்க எடுத்துக்கொள்கிற நேரம்தான் அளவில் தெரியும். ஜாவா மொழிக்கு அது பெரிய அநியாயம், அதன் நிரலை ஓட்டுகிற மெய்நிகர் இயந்திரம் எழுந்து உட்காரவே கொஞ்சம் நேரமாகும். அதனால் 14-க்கு 14 பலகை எடுத்தோம். விடைகள் 3,65,596. தேடல் மரத்தில் நிலைகள் இரண்டே முக்கால் கோடியை ஒட்டி.

நிரலை பிட் முறையில், அதாவது ஒவ்வொரு கட்டத்தையும் ஓர் எண்ணுக்குள் 0 அல்லது 1 ஆகக் குறித்து எழுதினோம். மூன்று எண்கள் போதும்: எந்த நெடுக்கு நிரம்பியது, இடது மூலைவாட்டில் எது அடைபட்டது, வலது மூலைவாட்டில் எது அடைபட்டது. ஒரு வரிசை இறங்கும்போது இரண்டாவது எண்ணை ஒரு பிட் இடப்பக்கமும் மூன்றாவதை ஒரு பிட் வலப்பக்கமும் தள்ளினால் போதும், மூலைவாட்டுக் கணக்கு தானாக வந்துவிடும். பட்டியலில் ஒவ்வொரு ராணியாகத் தேடிச் சரிபார்க்கிற வேலை இதில் கிடையாது.

என் லேப்டாப்பில் சி ஏறக்குறைய கால் நொடியில் முடித்தது. வழக்கமான பைத்தான் ஏறக்குறைய கால் நிமிடம் எடுத்தது. அறுபது மடங்கு. இந்த மாதிரி இறுக்கமான லூப்பில் முப்பது முதல் நூறு மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம்தான், பைத்தானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைப் பட்டறையில் வைத்துத்தான் அவளுக்குப் புரியவைத்தேன். ஆத்தங்குடிக் கல் வார்க்கிறவர் கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, பூவின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சைத் தூக்கினால் பூ நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். காய்ந்ததும் கண்ணாடி கழன்று வரும், பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்ததுதான். இதில் நேரம் தின்கிற வேலை அச்சு செய்வது. அது ஒருமுறை முடிந்துவிட்டால் ஆயிரம் கல் வார்த்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை.

சி, கோ, ரஸ்ட் மூன்றும் அச்சு செய்துவிட்டு வார்க்கிற மொழிகள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் முன்கூட்டியே நிரல் முழுவதையும் படித்து, இந்த எண் எத்தனை பைட், அது செயலிக்குள் எந்த ரெஜிஸ்டரில் இருக்கும் என்றெல்லாம் முடிவு செய்துவிடும். ஓடும்போது கூட்டல் என்றால் கூட்டல் மட்டும்தான். பைத்தானோ ஒவ்வொரு கல்லுக்கும் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் பூப்போடுகிறவரைப் போல. இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால், இது எண்தானா, எழுத்துச் சரமா, இதற்குக் கூட்டல் என்றால் என்ன என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்கும். விடைக்கு மெமரியில் புதிதாக ஒரு பொருளை உருவாக்கும். சி-யில் 4 பைட்டில் அடங்குகிற ஒரு முழு எண், 64 பிட் கணினியில் பைத்தானுக்கு 28 பைட். -5 முதல் 256 வரையான எண்களை மட்டும் முன்னாலேயே செய்து வைத்துக்கொள்ளும். நம் 14 பிட் எண்கள் 16,383 வரை போகும் என்பதால் அந்தச் சலுகை முக்கால்வாசி நேரம் கிடைக்காது. இதோடு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு வேறு. 2022-இல் வந்த பைத்தான் 3.11 அந்த அழைப்பை நன்றாகவே மலிவாக்கியது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மொழியை மாற்றுவதற்கு முன் பதிப்பை மாற்றிப் பார்க்கலாம்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் நடுவில் நிற்கின்றன. கையால் பூப்போட்டுக்கொண்டே இருக்கும்போது, “இதே பூதானே திரும்பத் திரும்ப வருகிறது” என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே அச்சு செய்துகொள்கிற ஆள். குரோம் பிரவுசரோடு 2008-இல் வந்த வி8 என்கிற இன்ஜின் ஜாவாஸ்கிரிப்டுக்குச் செய்தது இதுதான். எங்கள் புதிரில் இவை இரண்டும் கோவும் சி-யின் இரண்டு மடங்குக்குள்ளேயே வந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டின் பிட் செயல்கள் 32 பிட் எண்களோடு நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 14 கட்டத்துக்கு அது ஒரு குறையே இல்லை. பைத்தானுக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு, பைபை என்று பெயர். அதே நிரலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அதில் ஓட்டினோம். கால் நிமிடம் சில நொடிகளாகிவிட்டது. பைத்தான் மட்டுமே தெரிந்தவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அளப்பதில் நாங்கள் செய்த தப்புகளையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் அளக்கும்போது உதவும்.

முதல் தடவை அவள் எழுதிய சி நிரலுக்கும் பைத்தானுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. பார்த்தால், ஒவ்வொரு விடை கிடைக்கும்போதும் பலகையைத் திரையில் அச்சிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை லட்சம் பலகைகள்! அளக்கப்பட்டது மொழியின் வேகமே இல்லை, திரையின் வேகம். அதை எடுத்துவிட்டு ஓட்டியும் சி எதிர்பார்த்த அளவு வரவில்லை. மேம்படுத்தச் சொல்லும் மைனஸ் ஓ2 தேர்வைக் கம்பைலருக்குக் கொடுக்காமல் விட்டிருந்தாள். அதைக் கொடுத்த பிறகு ஒரு தடவை நேரம் பூஜ்யம் என்று காட்டியது. விடையை எங்கேயும் பயன்படுத்தாததால், ‘இந்தக் கணக்கே தேவையில்லை’ என்று கம்பைலர் மொத்தத்தையும் தூக்கிவிட்டது. விடையை எண்ணிக் கடைசியில் ஒருமுறை அச்சிட்டால் போதும், இந்தத் தொல்லை போய்விடும்.

இன்னொரு நாள் கோ எல்லாவற்றையும் முந்தியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 12-க்கு என்ன விடை வந்தது என்று கேட்டேன். 7,100 என்றாள். வரவேண்டியது 14,200. பலகை இடம் வலமாகச் சமச்சீர் என்பதால் முதல் வரிசையில் பாதியை மட்டும் பார்த்து இரண்டால் பெருக்கலாம். அந்தக் குறுக்குவழியைக் கோ நிரலில் மட்டும் போட்டுவிட்டுப் பெருக்க மறந்திருந்தாள். எட்டுக்கு 92, பத்துக்கு 724, பன்னிரண்டுக்கு 14,200, பதினாலுக்கு 3,65,596. இந்த நான்கு எண்களும் தெரிந்தவை என்பதால்தான் வேகம் அளக்க இந்தப் புதிரை நான் விரும்புகிறேன். தப்பான விடையை வேகமாகத் தருகிற நிரல் உடனே பிடிபட்டுவிடும்.

லேப்டாப்பையும் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் உட்கார்ந்து அளந்தால், ஐந்தாவது ஓட்டத்தில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சார்ஜரில் மாட்டி, ஃபேனுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு மொழிக்கும் ஏழெட்டுத் தடவை ஓட்டி, குறைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டோம்.

ரஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகத்தில் அது சி-யோடு தோளோடு தோள் நின்றது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. பிட் முறைக்கு முன்னால் அவள் வரிசைப் பட்டியல் வைத்து ஒரு நிரல் எழுதியிருந்தாள். 14 கட்டப் பலகையில் ஒரு திசைக்கு 27 மூலைவாட்டுகள். அவள் 14 இடம்தான் ஒதுக்கியிருந்தாள். சி எதுவும் சொல்லாமல் பக்கத்து மெமரியில் எழுதிக்கொண்டே போய், ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்தது. அதே தப்பைச் செய்த ரஸ்ட் நிரல், எந்த வரியில் எல்லை தாண்டியது என்று சொல்லி அங்கேயே நின்றது. இந்தப் பாதுகாப்புக்காக ஓட்டத்தில் கொடுக்கிற விலை மிகக் குறைவு. விலை கற்பதில்தான்: மெமரி யாருக்குச் சொந்தம் என்பதைக் கம்பைலருக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். ஒரு மாத விடுமுறையில் முதன்முதலாகத் தொடுகிறவளுக்கு அது ஏற்றம் அதிகம்.

இப்போது முடிவுக்கு வருகிறேன்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பைத்தானே போதும், யோசிக்கவே வேண்டாம். 92 விடைகளையும் எடுத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று விழாத எட்டைத் தேட வேண்டும். மூலைக் கட்டத்திலிருந்து தொடங்கினால் அங்கே ராணி நிற்கிற விடைகள் வெறும் 4. நான்கு மூலைக்கும் நான்கு வெவ்வேறு விடைகள் வேண்டும். தேடல் அங்கேயே ஒடுங்கிவிடுகிறது. இந்த வகைத் தேடலுக்கு கணினி அறிஞர் டொனால்ட் கனுத் 2000-இல் பரவலாக்கிய ‘டான்சிங் லிங்க்ஸ்’ என்கிற அருமையான வழி இருக்கிறது. இவ்வளவு சின்னக் கணக்குக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பைத்தான் பட்டென்று சொல்லிவிட்டது: எட்டு வகையை வைத்து எட்டுக்கு எட்டை நிரப்ப வழியே கிடையாது. குறைந்தது ஒன்பது வகை வேண்டும். இதை சி-யில் எழுதியிருந்தால் நிரல் எழுதுவதற்கே ஒரு மாலை கூடுதலாகப் போயிருக்கும், விடை ஒன்றும் முன்னால் வந்திருக்காது.

பட்டறையில் நாளைக்கு வேறு அளவு அறை வரும், வாடிக்கையாளர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே அடுக்கிக் காட்ட வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். சித்தப்பாவிடம் இருப்பது ஒரு போன். அதில் பைத்தானை நிறுவி, பதிப்பு பார்த்து என்று அவரைப் படுத்த முடியாது. பிரவுசர் ஏற்கெனவே இருக்கிறது, வேகமும் சி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு எதையும் இதற்கு நான் பரிசீலிக்கவில்லை. கோவும் ஜாவாவும் நல்ல மொழிகள், ஆனால் அவை சர்வர் பக்கத்தில் வேலை இருப்பவர்களுக்கு. கல் பட்டறைக்கு அங்கே வேலை இல்லை.

சி-யும் ரஸ்ட்டும் எப்போது? 16, 17 ராணிகள் என்று எண்ண ஆரம்பித்தால். 16-க்கு விடைகளே 1 கோடியே 47 லட்சத்து 72 ஆயிரத்து 512. 18-க்குப் போனால் அறுபது மடங்கு என்பது டீ குடித்துவிட்டு வருவதற்கும் ராத்திரி முழுக்க ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 12 வகைப் பூவை வைத்து 12-க்கு 12 தரையை நிரப்ப முடியும் என்பது நிரூபணமான விஷயம். 14,200 விடைகளிலிருந்து சரியான பன்னிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தேடினால் சி-யும் திணறும். சமச்சீரான விடைகளை மட்டும் எடுத்துத் தேட வேண்டும் என்கிற யோசனைதான் அங்கே காப்பாற்றும். 27 ராணிகளுக்கான எண்ணிக்கையை 2016-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கண்டுபிடித்தபோது, அவர்கள் எந்த மொழியின் வேகத்தையும் நம்பி உட்காரவில்லை. இந்தக் கணக்குக்கென்றே சுற்றமைத்த எஃப்பிஜிஏ சில்லுகளில் ஓட்டினார்கள். கிடைத்தது 18 இலக்க எண்.

அக்கா மகள் சி-யைத் தேர்ந்தெடுத்தாள். நானும் அதையே சொல்லியிருப்பேன். வேகத்துக்காக இல்லை. 28 பைட் எங்கே போகிறது, 14 இடம் ஒதுக்கி 27-ஐ எழுதினால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் பைத்தான் எழுதும்போதும் அவள் கை வேறு மாதிரி எழுதும். ரஸ்ட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவிடம் வழியில்லை என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. “புதுசா ஒரு வகை சேத்தா பழசுக்கும் புதுசுக்கும் நிறம் ஒட்டாதேப்பா” என்றார். அவர் சொன்னது சரி. அப்போது இவள்தான் கேட்டாள்: “சின்னத் தாத்தா, சுத்தி அரைக்கல் பார்டர் போட்டா உள்ள எத்தனை வரும்?” நான்கு பக்கமும் அரைக்கல் போனால் உள்ளே ஏழுக்கு ஏழு. அந்த அளவுக்கு ஏழு வகை போதும். அதற்கு நிரலும் வேண்டாம்: முதல் வரிசையை ஏழு பூவாக வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கல் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், நேரிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் எதுவும் மோதாது. 2-ஆலும் 3-ஆலும் வகுபடாத எந்த எண்ணுக்கும் இது நடக்கும்.

சித்தப்பா சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையில் ஏழு கட்டம் போட்டு, முதல் வரிசையைத் தாமரையில் தொடங்கினார். இரண்டாவது வரிசையில் தாமரை மூன்றாவது கட்டத்துக்குப் போனது, மூன்றாவதில் ஐந்தாவதுக்கு, நான்காவதில் ஏழாவதுக்கு. ஐந்தாவது வரிசையில் சுற்றி வந்து இரண்டாவது கட்டத்தில் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மிச்ச இரண்டு வரிசையை இவள் வைத்தாள்.